இடைவேளையில் வெளியே வந்தவன்

நெற்றியில் ரத்தம் காயாமல், தொப்பலாக நனைந்த கறுப்புக் கோட்டோடு ஏஜென்ட் ஜெயந்தன் பொன்மணி தியேட்டர் கான்டீனில் டீக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, உள்ளே மணி அடித்து, விளக்குகள் அணைந்து, படத்தின் இரண்டாம் பாதி ஓடத் தொடங்கிவிட்டது.

கான்டீன்காரர் பீர் முகமது கிளாஸை நீட்டிக்கொண்டே, "படம் போட்டாச்சுங்களே, உள்ள போகலீங்களா?" என்றார்.

"இல்லை" என்றான் ஜெயந்தன்.

"அப்ப உட்காருங்க. நின்னுட்டே குடிச்சா ருசி தெரியாது."

வெளியே மழை இல்லை. சித்திரை வெயில் சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. மழை படத்துக்குள்தான் பெய்தது. கூடவே இருந்த நண்பன் துப்பாக்கியை ஜெயந்தன் பக்கம் திருப்ப, அவன் இரும்புக் கதவைத் தோளால் இடித்துக்கொண்டு மழைக்குள் பாய்வான். அவனுக்குப் பின்னால் கதவு அறைந்து சாத்திக்கொள்ளும். அதன்மேல் இடைவேளை என்ற எழுத்து வந்து விழும். எல்லா ஊரிலும் படம் அப்படித்தான் ஓடியது. பொன்மணியில் மட்டும் எழுத்து விழுவதற்கு முன்பே புரொஜக்டரை நிறுத்திவிடுவது பல வருட வழக்கம். எழுத்தைப் பார்த்தபிறகு எழுந்தால் ஜனம் கான்டீனுக்கு வந்துசேர நேரமாகிறது என்று முதலாளி கிட்டுசாமி சொல்லி, ஆபரேட்டர் அருள்தாஸ் ஒவ்வொரு படத்தையும் ஒரு ஷாட் முன்னதாக நிறுத்திப் பழகியிருந்தார். அதனால் அந்தப் பகல் காட்சியின் இடைவேளை முழுவதும் அந்த இரும்புக் கதவு திறந்தே கிடந்தது. கதவு திறந்திருந்தால் உள்ளே இருப்பவன் வெளியே வரத்தானே செய்வான் என்று எங்கள் ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்குமேல் காரணம் தேட யாருக்கும் நேரமில்லை. அடுத்த ஷிப்டுக்குத் தறி ஓட்டப் போகவேண்டியிருந்தது.

உள்ளே படம் அவனில்லாமல் ஓடியது. மலைப்பாதையில் ஓட்டுபவன் இல்லாத கார் வளைவுகளில் சரியாக வளைந்து திரும்பிப் போனது. அடியாட்கள் வெறுங்காற்றை எட்டி உதைத்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்கள். பனிமலைப் பாட்டில் அவன் மனைவி வித்யா, நீட்டிய கையைப் பிடிக்க ஆளில்லாமல், பாட்டு முடியும்வரை தனியாக ஆடினாள். அவளைக் கடத்திக்கொண்டு வரும்படி உத்தரவு போட்டிருந்த வில்லன், மிரட்டுவதற்கு எதிரில் யாருமில்லாததால் அந்த வேலையை மறந்துபோனான். அவள் வீட்டிலேயே இருந்தாள். அவரைக்காய் நறுக்கினாள், கணவனின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள், ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்தாள். கடைசியில் நீளமான பாலத்தின்மேல் ரயில் வந்தது, அதற்கு அடியில் கட்டியிருந்த குண்டின் வயரை அறுக்க ஆளில்லாமல் ரயில் வெடித்தது, பெட்டிகள் எரிந்துகொண்டே ஆற்றில் விழுந்தன, திரை வெளுத்தது.

ஜனம் சத்தமில்லாமல் வெளியே வந்தது. "சண்டைப் படம்னு கூட்டியாந்து இப்படி சாவக் காட்றாங்களே" என்று ஒரு பெண் சொன்னாள். ஜெயந்தன் அப்போதும் கான்டீன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். அவனைத் தாண்டிப் போனவர்களில் சிலர் வணக்கம் வைத்தார்கள்.

அவன் திரும்பிப் போகவில்லை. செய்து முடித்தது செய்து முடித்ததுதான் என்பதுபோல, மறுநாளும் அடுத்த நாளும் முதல் பாதியில் அவன் திரையில் வழக்கம்போல ஓடினான், சுட்டான், கதவை இடித்தான். இரண்டாம் பாதியில் இல்லை. ஈரோட்டில் பார்த்துவிட்டு வந்தவர்கள், அங்கே முழுப்படத்திலும் ஆள் இருக்கிறான் என்றார்கள். படச்சுருள் வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆள் இருப்பான் போல, நம் பெட்டியின் ஆள் இவன் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஊர் அவனுக்கு இடம் ஒதுக்கியது. கைலாசம் தறிக்கூடத்தில் நூல் மூட்டை அடுக்கும் அறையில் பாய் போட்டுக்கொண்டான். ஓடும் தறியில் அறுந்த இழையை, தறியை நிறுத்தி எடுப்பதற்குள் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டுவிடும் விரல்கள் அவனுக்கு இருந்தன. வெடிகுண்டு வயரோடு பழகிய விரல்கள் என்று மற்றவர்கள் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். மெஸ்ஸில் முதல் நாட்களில் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் அப்படியே நிறுத்தி, தலையைத் தூக்கிக் காத்திருப்பான். படத்தில் அவன் முதல் வாய் வைத்ததும் போன் அடிக்கும். இரண்டாம் வாய் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. "ஒண்ணும் அடிக்காது, சாப்பிடு சாமி" என்று மெஸ் நடத்துகிற அம்மாள் ரசத்தை ஊற்றுவாள். அப்படித்தான் அவன் ஒரு சாப்பாட்டை முடிக்கக் கற்றுக்கொண்டான். ஒரு முழுத் தூக்கம் தூங்கக் கற்றுக்கொண்டான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தான்.

ஒவ்வொரு காட்சிக்கும் இடைவேளை முடிந்ததும், திரைக்குப் பக்கத்துச் சிறிய கதவருகில் வந்து நிற்பான். அந்த இடத்தை அவனுக்கென்று விட்டுவைத்தோம். வித்யா வீட்டில் நடமாடுவதை நின்று பார்ப்பான். ரயிலின் சத்தம் கேட்கத் தொடங்கியதும் வெளியே போய்விடுவான்.

பெண்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியது அவளுக்காகத்தான். யாரும் அடிக்காத, யாரும் காப்பாற்றாத ஒரு பெண் ஒரு வீட்டில் தன்பாட்டுக்கு இருப்பதை அவர்கள் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் துளசிமணி. ஜெயந்தன் இருந்த அதே தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறவள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போடும் சின்னக் குச்சியில் நூல் சுற்றும் வேலை. பக்கத்து மெஷின்காரி கூப்பிட்டாள் என்று வந்து, வித்யாவைப் பார்த்துச் சிரித்து, எழுந்துபோகலாம் என்று நினைத்த நேரத்தில் ரயில் பாலத்துக்கு வந்தது. மூன்றாவது பெட்டியில், ஜன்னலோரமாக, சாம்பல் நிறச் சட்டை போட்டு மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு, இறந்துபோன அவள் கணவன் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தான்.

"அவருங்க" என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் பெட்டி எரிந்தது.

அதன்பிறகு வேலை இல்லாத நேரமெல்லாம் துளசிமணி தியேட்டரில் இருந்தாள். ஒவ்வொரு காட்சியிலும் அவன் எரிந்தான். ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. ரயில் வருகிற நேரத்தில் பக்கத்துப் பெண்கள் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டார்கள். பீடி புகைத்தவர்கள் அணைத்தார்கள். ஒரு நாள் அவள் படிக்கட்டேறி ஆபரேட்டர் அறைக்குப் போய், பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட முடியுமா என்று கேட்டாள். அருள்தாஸ் அன்று அப்படியே நிறுத்தினார், யாரும் விசிலடிக்கவில்லை. அடுத்த காட்சியில் ரயில் பாலத்துக்கு வருமுன்னே, ஒரு கரும்புக் காட்டின் நடுவில், நிறுத்திய இடத்துக்கும் முன்னாலேயே வெடித்தது. அருள்தாஸ் கீழே இறங்கிவந்து, "கதை முடியற எடத்தத் தேடுதும்மா, என்னால ஆகாது" என்றார்.

முதலாளி கிட்டுசாமி நல்லவிதமாகத்தான் சொன்னார்: "ஏம்மா, ஈரோட்டுல ஓடற பெட்டியில ரயிலு வெடிக்கல. உம்புருசன் பொழச்சு எறங்கறாரு. நானே பஸ்ஸேத்தி உடறேன், போய்ப் பாத்துட்டு வா."

"எரியறவர இங்க உட்டுப்போட்டு, பொழச்சவரப் போய்ப் பாத்துட்டு வரச் சொல்றீங்களா?" என்றாள் துளசிமணி. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஏஜென்ட் ஏன் திரும்பிப் போகவில்லை என்பது சலூனில்தான் தெரிந்தது. சென்னையில் பல வருடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட தாமோதரன் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜெயந்தன் முகத்தில் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தான். கத்தியைத் தீட்டிக்கொண்டே சலூன்காரர், "ஏனுங் தாமோதரண்ணா, ரெண்டாம் பாதியில அப்படி என்னதான் இருக்குது, இவரு இப்படி ஓடியாறதுக்கு?" என்றார்.

"எல்லாப் படத்துலயும் இருக்கறதுதான்" என்றார் தாமோதரன். "மொதல்ல ஆளு யாருன்னு காட்டோணும். அப்புறம் நம்புனவனே காலை வாரி உடோணும், அது இடைவேளை. அதுக்கு மேல ஒவ்வொண்ணா கையை உட்டுப் போகோணும். கடைசியில ஒரு பக்கம் ரயிலு, ஒரு பக்கம் சம்சாரம். ரயிலுக்குப் போனா சம்சாரத்தச் சுட்டுப்போடுவாங்க. சம்சாரத்துக்கிட்டப் போனா ரயிலு போயிரும். இவரு ரயிலுக்குப் போவாரு."

"ரெண்டையும் காப்பாத்தினா?"

"எடுபடாதுங்க. வீட்டுல ஒரு உசுரு போனாத்தான் ரயிலு நிக்கறதுக்கு ஒரு கனம் வரும்."

நுரைக்குள்ளிருந்து ஜெயந்தன் கேட்டான். "அதை யார் முடிவு செய்தது?"

"யாருன்னு சொல்றதுங்க. ரூம் போட்டு ஆறேழு பேரு உட்காருவோம். டீ வரும், பஜ்ஜி வரும். எவனாச்சும் ஒருத்தன், வைஃப் செத்தா எப்படி இருக்கும்னு கேப்பான். எல்லாரும் ஒரு வாய் டீ குடிப்போம். அப்புறம், நல்லாருக்குதேம்போம்."

சலூன்காரர் கத்தியை அவன் கன்னத்தில் வைத்து மெதுவாக இழுத்தார். ஜெயந்தன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "ஒரு நாளைக்கு நான்கு காட்சி. நான்கு முறையும் எனக்கு அந்தத் துப்பாக்கிச் சத்தம் வயர்லெஸ்ஸில்தான் கேட்கும். ஒரு தடவைகூட நான் பக்கத்தில் இருந்ததில்லை."

தாமோதரன் பேப்பரை மடித்தார். "இந்தப் பெட்டிக்கு நம்மூருதான் கடைசிங்க. வியாழக்கிழமை பகல் ஆட்டம் முடிஞ்சதும் லாரியில ஏறுது. அப்புறம் எங்கயும் ஓடாது, துண்டு துண்டா வெட்டிப் போட்டுருவாங்க. கடைசி ஆட்டத்துல எது எப்படி முடியுதோ, அது அப்படியே நின்னுரும். இவரு போகலைன்னா சம்சாரம் இருந்துக்கும். ரயிலுக்காரங்கதான் பாவம்."

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் ஜெயந்தனிடம் போ என்று சொல்லவில்லை. யாரும் துளசிமணியிடம் விடு என்றும் சொல்லவில்லை. மெஸ்ஸில் அவன் இலையில் அப்பளத்தைக் கூடுதலாக வைத்தார்கள். குழாயடியில் அவள் குடத்தை முதலில் பிடித்துக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தது. நாகரத்தினம் என்ற தறிக்காரன் மட்டும் குடித்துவிட்டு, "ரயில்ல எத்தனை பேருடா, வீட்டுல ஒருத்தி" என்று கணக்குப் பேசினான். அவன் மனைவி தெருவிலேயே அவனைத் திரும்பிப் பார்த்து, "அந்த ஒருத்தி நானா இருந்தா?" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, காதுக்குள் வெறும் இரைச்சல் மட்டும் மிச்சமாக, ஆட்கள் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். துளசிமணி மெஷினைவிட்டு எழவில்லை. ஜெயந்தன், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்குப் பின்னால் நின்று அறுந்த இழைகளைத் தேடிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்" என்றாள் அவள். "உங்க சம்சாரத்துக்கு என்ன புடிக்கும்?"

அவன் இழையை விட்டான். "முன்னால் தெரியாது. எங்களுக்கு ஒரு பாட்டு, ஒரு சண்டை, பிறகு அவள் சாவு. அவ்வளவுதான் இருந்தது. நான் வெளியே வந்தபிறகுதான் அவளைப் பார்க்கிறேன். அவரைக்காய் நறுக்கும்போது ஒன்றிரண்டைப் பச்சையாகவே வாயில் போட்டுக்கொள்கிறாள். இஸ்திரி போடும்போது ஏதோ முணுமுணுக்கிறாள், என்ன பாட்டு என்று தெரியவில்லை."

"என்னோட கதையும் அதேதானுங்க. மாசத்துக்கு ஒருக்கா வருவாரு, ரெண்டு நாளு இருப்பாரு. சினிமாவுல கூட்டத்துல நிக்கற வேலைன்னு தெரியும். எந்தப் படம்னு கேட்டா சொல்ல மாட்டாரு. நீ என்னையக் கண்டுபுடிச்சீன்னா நான் வேலையச் சரியாச் செய்யலைன்னு அர்த்தம்பாரு. கூட்டத்துல நிக்கறவன் தனியாத் தெரியக்கூடாதாமா."

"தெரியும். கேமராவைப் பார்த்துவிட்டால் அவர்களை அனுப்பிவிடுவார்கள்."

"போன வருசம் போர்க்களம்னு ஒரு ஷூட்டிங்காமா. பொணமாப் படுத்துக் கெடக்கற வேலை. வெயிலு. மத்தியானம் சாப்பாடுன்னு சத்தம் போட்டதும் எல்லாப் பொணமும் எந்திரிச்சுதாமா. இவரு எந்திரிக்கல. தூங்கறான்னு உட்டுப்போட்டாங்க." அவள் சுற்றிய தாரை எடுத்துக் கூடையில் போட்டாள். "மூஞ்சி பூராச் செவப்புச் சாயத்தோட கொண்டாந்து எறக்குனாங்க. ரத்தம்னு நெனச்சு மொதல்ல நான் கையே வைக்கலீங்க."

வெளியே யாரோ இருமினார்கள். ஜெயந்தன் அவளுக்கு எதிரே, நூல் மூட்டைமேல் உட்கார்ந்தான்.

"என்னைப் போகச் சொல்கிறீர்களா?"

"அங்க ஒருத்தி அவரைக்கா நறுக்கிட்டிருக்கறா. போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வருங்களா?"

"போகாதே என்பீர்களா?"

"அதுக்கும் வரலீங்க."

கரண்ட் வந்தது. தறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு அடிக்கத் தொடங்கின. அதற்குமேல் பேசினால் கேட்காது. அவன் பாவுக்குப் பின்னால் போனான். அவள் குச்சியை மாட்டினாள்.

வியாழக்கிழமை கைலாசம் தறிக்கூடத்தை நிறுத்தினார். அவரைப் பார்த்து மற்ற கூடங்களும் நிறுத்தின. பகல் காட்சிக்குத் தரை டிக்கெட்டிலிருந்து பால்கனிவரை ஆட்கள் நிறைந்து, நடைபாதையில் உட்கார்ந்து, சுவரோரம் நின்றார்கள். முதல் பாதியில் யாரும் கை தட்டவில்லை. இரும்புக் கதவு திறந்த இடத்தில் அருள்தாஸ் நிறுத்தினார். விளக்குகள் எரிந்தன. ஒருவரும் கான்டீனுக்குப் போகவில்லை.

ஜெயந்தன் சிறிய கதவு வழியாக வந்தான். கறுப்புக் கோட்டு துவைத்து இஸ்திரி போட்டிருந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த துளசிமணிக்கு முன்னால் வந்து குனிந்தான். பக்கத்திலிருந்த பெண்கள் எழுந்து இடம் கொடுத்தும் அவன் உட்காரவில்லை.

"கடைசி ஷாட்டில் அவள் மொட்டைமாடியில் விழுந்து கிடப்பாள்" என்றான். "அவளுக்குப் பின்னால், தூரத்தில், பாலத்தில் ரயில் நிற்கும். எல்லாரும் இறங்குவார்கள். இரண்டும் ஒரே ஷாட். பார்க்கிறவர்கள் எல்லாரும் ரயிலைத்தான் பார்ப்பார்கள். நானும் ரயிலில்தான் இருப்பேன். அவளை யாரும் பார்ப்பதில்லை."

துளசிமணி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கேட்கப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று பக்கத்திலிருந்தவர்களுக்கும் தெரிந்தது.

"நீங்கள் அவளைப் பார்க்க வேண்டும். திரை வெளுக்கும்வரை."

அவள் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். நாச்சிமுத்து ரயிலிலிருந்து இறங்குவதை அவள் ஒரே ஒரு முறை பார்க்க முடியும் என்றால், அது இந்த முறைதான்.

"பாக்கறேனுங்க" என்றாள்.

அவன் மேடைப்படி ஏறித் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான். அருள்தாஸ் மேலிருந்து வெளிச்சத்தை விட்டதும் மழை பெய்யத் தொடங்கியது. அவன் அந்தக் கதவுக்குள் போனான். கதவு அவனுக்குப் பின்னால் அறைந்து சாத்திக்கொண்டது.

அவன் தலைமுடியில் தறிக்கூடத்துப் பஞ்சு ஒட்டியிருந்தது. இரண்டாம் பாதி முழுவதும் அது அப்படியே இருந்தது. காரை ஓட்டினான். அடியாட்கள் அவனிடம் அடி வாங்கி நிம்மதியாக விழுந்தார்கள். பனிமலையில் வித்யா நீட்டிய கையைப் பிடித்தான். பாட்டு முடிந்தபிறகும் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தான். வீட்டில் அவள் பரிமாற, அவன் முதல் வாய் வைத்ததும் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவன் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பிறகுதான் போய் எடுத்தான். தியேட்டரில் சிலர் விசும்பியது கேட்டது. அவன் வெளியே போனபிறகு ஆட்கள் வந்து அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். முறத்தில் பாதி நறுக்கிய அவரைக்காய் இருந்தது.

பாலத்துக்கு ரயில் வந்தது. அவன் பெட்டிகளுக்கு அடியில் தொங்கிக்கொண்டு, வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றை அறுத்தான். வயர்லெஸ்ஸில் அந்தச் சத்தம் கேட்டது. ரயில் நின்றது.

பிறகு அந்த ஷாட் வந்தது. திரையின் கீழ்ப்பாதி முழுக்க மொட்டைமாடியின் வெள்ளைத் தரை. அதில் வித்யா ஒருக்களித்துக் கிடந்தாள். மேலே, தூரத்தில், திரையின் அகலத்துக்கு ரயில். பெட்டிகளின் கதவுகள் திறந்து ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். பொன்மணி தியேட்டரில் ஒரே நேரத்தில் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பால்கனியில் கை தட்டினார்கள், சுவரோரம் நின்றவர்கள் துண்டைச் சுழற்றினார்கள், மூன்றாவது பெட்டி, மூன்றாவது பெட்டி என்று கத்தினார்கள்.

துளசிமணி உட்கார்ந்தபடியே, முன்னால் எழுந்தவர்களின் தோள்களுக்கு இடையில் கிடைத்த சந்தில் வித்யாவைப் பார்த்தாள். காதோரம் வியர்வையில் ஒட்டிய முடியைப் பார்த்தாள். தரையில் கவிழ்ந்திருந்த கையைப் பார்த்தாள். அதன் விரல்கள் எதையோ பிடிக்கப்போவதுபோல மடங்கி, பிறகு தளர்ந்தன. வளையல் ஒன்று மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் சரிந்திருந்தது. ரவிக்கையில் சிவப்பு பரவி, பரவுவது நின்றது. கண்கள் மூடவில்லை. அவள் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், திரை வெளுக்கும்வரை.

விளக்கு எரிந்ததும் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். "எறங்கிட்டாருக்கா! கம்பியப் புடிச்சுட்டு மெதுவா எறங்குனாரு, டிபன் பாக்ஸக் கையில எடுத்துட்டு. பாத்தீங்களாக்கா?"

"ம்" என்றாள் துளசிமணி.

அருள்தாஸ் ரீல்களை எடுத்துப் பெட்டியில் அடுக்கினார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஜனம் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் வெயிலுக்குள் கலைந்தது. தறிகள் அடிக்கத் தொடங்கிவிட்டன. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. துளசிமணி அங்கே போனதும் குடம் வைத்திருந்தவர்கள் குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். யாருடைய பக்கெட்டோ நிறைந்திருந்தது. அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டு, அதை இரண்டு கையாலும் தூக்கி, கட்டிய புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு நடந்தாள்.